நின்ற இரவுக்கு யார் காசு கொடுப்பது?

போன வாடைக் காலத்தில் ஒரு படகு முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவருடைய படகு லங்காவியிலிருந்து மாலத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிராக்கரில் புள்ளி நகர்வதை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், மணிக்கு எட்டு மைல் போன படகு திடீரென்று ஐந்துக்கும் கீழே இறங்கியதும் பதறிப்போய், எஞ்சின் பழுதா, ஆட்களுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்டார். ஒன்றும் இல்லை, வேண்டுமென்றேதான் மெதுவாகப் போகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "அப்படியானால் அந்த ஒரு நாளுக்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?"

அவர் மோசமான ஆள் இல்லை. கேட்ட பணத்தைக் கேட்ட அன்றைக்கே அனுப்பியவர், ஆட்களுக்கு நல்ல சாப்பாடு வாங்கிப் போடச் சொல்லித் தனியாகக் காசு கொடுத்தவர். அதனால்தான் கேள்வி உறுத்தியது. பாதுகாப்பு முக்கியம் சார் என்று இரண்டு வரி எழுதி அவர் வாயை அடைத்திருக்கலாம், எங்கள் தொழிலில் அந்த இரண்டு வரியை நாங்கள் நிறையப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவர் கேட்டது ஆபத்தைப் பற்றி இல்லை, கணக்கைப் பற்றி.

நான் கரையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவன். முன்பு நானும் படகில் ஆளாகப் போனவன்தான், முதுகு ஒத்துழைக்காமல் மேசைக்கு வந்துவிட்டேன். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பதால் உலகம் சுற்றிக் களைத்த படகுகள் பலவும் இங்கே வந்து விற்பனைக்கு நிற்கும். வாங்குகிறவர் எங்கோ இருப்பார். அவருக்குப் படகு வேண்டும், ஆனால் அதை ஓட்டிக்கொண்டு போக நேரமோ தெம்போ இருக்காது. ஒரு ஸ்கிப்பர் (படகுத் தலைவர்), இரண்டு மூன்று ஆட்கள், டீசல், காகிதங்கள் என்று ஏற்பாடு செய்து, படகைச் சொன்ன இடத்தில் சொன்னபடி ஒப்படைப்பதுதான் டெலிவரி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ சம்பளத்தோடு உல்லாசப் பயணம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது லாரிக்காரன் பிழைப்பு.

தேதி எங்கிருந்து வருகிறது

எந்த முதலாளியும் முதல் போனில் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தேதியில் வந்து சேரும்? விமான டிக்கெட் போட வேண்டும், வாடகைக்கு எடுக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்ல வேண்டும். நியாயமான கேள்விதான். தேதி சொல்லாமல் வேலை கிடைக்காது என்பதால் நாங்களும் சொல்கிறோம். அந்தத் தேதி எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

லங்காவியிலிருந்து இலங்கையின் காலிக்குச் சுமார் 1,200 மைல், நான் மைல் என்பதெல்லாம் கடல் மைல். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வாடைக்காற்று வலது பின்பக்கத்திலிருந்து தள்ளும், மேற்கு நோக்கிப் போகிறவனுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. மே வந்துவிட்டால் தென்மேற்குப் பருவம், அப்போது அதே வழியில் மேற்கே போவது மூக்கை உடைத்துக்கொள்ளும் வேலை. சரி, காலம் முடிவாகிவிட்டது. அடுத்தது வேகம். நாற்பத்து நாலு அடிக் கேட்டமரன் (இரட்டை உடல் படகு) ஒன்று சராசரியாக மணிக்கு ஆறு ஆறரை மைல் போகும் என்று வைத்தால் எட்டு நாள். காற்று விழுந்துவிட்டால் எஞ்சின். ஒரே எஞ்சினை மெதுவாக ஓட்டினால் மணிக்கு நாலு லிட்டர் குடித்து ஐந்தரை மைல் கொடுக்கும், டேங்கில் 700 லிட்டர் இருந்தால் கடைசிச் சொட்டு வரை எரித்தாலும் 960 மைல்தான். ஆக, முழுக்க எஞ்சினை நம்பிப் போக முடியாது, கொஞ்சமாவது காற்று வேண்டும், அல்லது தளத்தில் டீசல் கேன்களைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கேன்களை வெயிலில் கட்டி வைத்தால் என்ன ஆகும், அலையில் கழன்றால் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

வழியில் ஒதுங்க இடமும் அதிகம் இல்லை. சுமத்ராவின் வடமுனையில் சபாங் இருக்கிறது, இந்தோனேசியக் காகிதம் முடிக்க முடிந்தால் அங்கே நிற்கலாம். அதைத் தாண்டினால் கிரேட் சேனல். தெற்கே சுமத்ரா பக்கத்துக் குட்டித் தீவுகள், வடக்கே பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை, நடுவில் எண்பது தொண்ணூறு மைல் அகலத்தில் மலாக்கா நீரிணைக் கப்பல்கள் எல்லாம் வரிசைகட்டிப் போகும். நிக்கோபாரில் வெளியாட்கள் இறங்க முடியாது, அந்தத் தீவு எங்களுக்கு வரைபடத்தில் மட்டும்தான். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்திரா முனையில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. தீவுக் கடலில் பழைய சார்ட்டை, அதாவது கடல் வரைபடத்தை, வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் புது ஆட்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இலங்கைக்குத் தெற்கே தேவேந்திரமுனைக்கு எதிரில் கப்பல் பாதை மறுபடி நெருக்கமாகும். மிரிஸ்ஸ பக்கம் நீலத் திமிங்கலங்கள் அடிபடுகின்றன என்று 2022 முதல் எம்எஸ்சி என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைப் பதினைந்து மைல் தெற்கே ஒதுக்கி ஓட்டுகிறது, மற்றவர்கள் பலரும் பழைய பாதையில்தான் போகிறார்கள். எங்களுக்கு இதனால் கப்பல் வரும் அகலம் கூடிவிட்டது. கரைப்பக்கம் ஒதுங்கினால் மீன்பிடிப் படகும் வலையும். இரவில் அந்த இடத்தைக் கடக்கிற மாதிரி திட்டம் வந்தால் நான் கிளம்பும் நேரத்தையே மாற்றிவிடுவேன்.

இத்தனையும் கூட்டிக் கழித்து, ஏஜென்ட் காகிதம் முடிக்கும் நாள், காலியில் ஆட்கள் தூங்கி எழும் நாள் எல்லாம் சேர்த்து ஒரு தேதி வரும். அதில் இரண்டு மூன்று நாள் கூட்டிச் சொல்வோம். முதலாளி அதில் இரண்டு நாள் குறைத்துத் தன் மனைவியிடம் சொல்வார்.

வெளிச்சம்தான் துறைமுகம்

இதுவரை சொன்னதெல்லாம் எந்தக் கடலுக்கும் பொருந்தும். பவளத் தீவுகளுக்குப் போகும்போது கணக்கு தலைகீழாகிறது. சிங்கப்பூருக்கோ கொழும்புக்கோ நள்ளிரவில் போய்ச் சேரலாம், மிதவை விளக்கு இருக்கிறது, ரேடியோவில் ஆள் இருக்கிறது. மாலத்தீவின் வெளித் தீவுகளில் பவளப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு வாய்க்கால் வழியாக உள்ளே நுழைவதென்றால் துணை ஒன்றே ஒன்றுதான், மேலே இருக்கும் சூரியன். ஆழமான இடம் கருநீலம், மணல் திட்டு வெளிர்பச்சை, மேல்மட்டத்துக்கு வந்துவிட்ட பவளம் பழுப்பு. படகின் முன்முனையான அணியத்தில் ஒருவன் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று கையைக் காட்ட, பின்னால் இருப்பவன் சுக்கானைத் திருப்ப வேண்டும். சூரியன் தாழ்ந்தால் எல்லாம் ஒரே வெள்ளித் தகடு. மேகம் மூடினாலும் அதே கதைதான்.

கிழக்கிலிருந்து போகிறவனுக்கு இன்னொரு சிக்கல். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு மேல் சூரியன் முகத்துக்கு நேரே வந்துவிடும். நாலு மணிக்கு வெயில் கொளுத்திக்கொண்டுதான் இருக்கும், கரையில் நிற்பவனுக்கு அது அருமையான வெளிச்சம், படகில் நிற்பவனுக்கோ ஒன்றும் தெரியாது. ஆறு மணி சுமாருக்குச் சூரியன் விழுந்தால் அந்தி என்று சொல்லிக்கொள்ள அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. ஆக நுழையத் தோதான நேரம் காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை. 1,600 மைல் தாண்டி வந்து அந்த மூன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஜிபிஎஸ் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லும், பாறை எங்கே இருக்கிறது என்று சொல்வது சார்ட். மாலத்தீவை முறையாக அளந்தவர் ராபர்ட் மோர்ஸ்பி, 1834 முதல் 1836 வரை. ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, காய்ச்சலில் ஆட்கள் விழ விழ, அவர் குழு போட்ட சார்ட்டை அடிப்படையாக வைத்துத்தான் 1990கள் வரை கப்பல்கள் போயின. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் வேலை. ஆனால் தீவும் பாறையும் கொஞ்சம் அங்கே இங்கே நகர்ந்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இப்போது செயற்கைக்கோள் படங்களை ஓபன்சிபிஎன் என்ற சார்ட் மென்பொருளில் ஏற்றி சார்ட்டோடு ஒட்டிப் பார்க்கிறோம், இந்த வேலையைக் கரையில் உட்கார்ந்து நான்தான் செய்கிறேன். நல்ல உதவி. ஆனாலும் மேகத்தின் நிழலும் பவளத் திட்டும் அந்தப் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

வெஸ்டாஸ் விண்ட் கதையை இந்தத் தொழிலில் எல்லோரும் அறிவார்கள். வால்வோ ஓஷன் ரேஸில் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த 65 அடிப் பந்தயப் படகு, 2014 நவம்பர் 29 இரவு மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஹோஸ் பவளத் திட்டில் முழு வேகத்தில் ஏறியது. உலகத்தின் தேர்ந்த மாலுமிகள் எட்டுப் பேர், கூடவே படமெடுக்கும் நிருபர் ஒருவர். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சார்ட்டில் அந்த இடத்தை விரித்துப் பார்த்தால்தான் பாறை தெரியும், மேலோட்டமாகப் பார்த்தால் ஆழம் கொஞ்சம் குறைவான இடம் போலத்தான் காட்டும். பெரும்பாலானவர்கள் இந்த ஜூம் விஷயத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் நடந்தது. புயல் அபாயம் காரணமாகப் பந்தயம் தொடங்கும் தறுவாயில் தடைசெய்யப்பட்ட பகுதியின் எல்லையை மாற்றினார்கள், அதுவரை போகவே முடியாதென்று இருந்த கடல் திறந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்திராத கடல். திட்டம் கடைசி நேரத்தில் மாறும்போது மாறுவது கோடு மட்டும் இல்லை, அந்தக் கோட்டின் மேல் செலவழித்த நேரம் மொத்தமும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. அதனால்தான் பாதி வழியில் இப்படிப் போனால் சீக்கிரம் போகலாமே என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

காலியிலிருந்து உலிகமு

இப்போது அந்த முதலாளியின் படகுக்கு வருகிறேன். காலியில் ஆட்கள் ஓய்வெடுத்து, காகிதம் முடித்து, காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். அடுத்த நிறுத்தம் மாலத்தீவின் வடகோடியில் உலிகமு, 430 மைல். மணிக்கு ஆறு மைல் என்றால் 72 மணி நேரம், சரியாக மூன்று நாள், நாலாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில். காகிதத்தில் இவ்வளவு அழகாக ஒரு கணக்கு அமைவது அபூர்வம்.

ஆனால் காலியை விட்டு மேற்கே வந்ததும் மன்னார் வளைகுடா வழியாகக் குவிந்து இறங்கும் காற்று பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். படகு ஏழு மைல் ஓடும். அதோடு இந்த மாதங்களில் நீரோட்டமும் மேற்கு நோக்கித்தான், மணிக்கு ஒரு மைல், சில நாள் இரண்டு. ஏழும் ஒன்றும் எட்டு. 72 மணி நேரப் பயணம் 54 மணி நேரமாகிவிட்டது. 54 மணி நேரம் என்றால் மூன்றாம் நாள் மாலை நாலு மணி. சூரியன் முகத்துக்கு நேரே, இருட்ட இரண்டு மணி நேரம்.

இரவு பத்து மணிக்கு வந்து சேர்வதைவிட மாலை நாலு மணி ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன். பத்து மணிக்கு யாருக்கும் உள்ளே போகலாமா என்ற எண்ணமே வராது. நாலு மணிக்கு வரும். தீவு தெரியும், தென்னை தெரியும், உள்ளே நங்கூரமிட்ட வேறு படகின் பாய்மரம் தெரியும், ஆட்கள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, கரையில் நிற்பவர் போனில் இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கிறதே என்பார்.

சரி, சீக்கிரம் போய் வாசலுக்கு வெளியே ராத்திரி நின்றுவிட்டுக் காலையில் நுழையலாமே? முதலாளியும் இதைத்தான் கேட்டார், கடலுக்குப் போகாத யாரும் இதைத்தான் கேட்பார்கள். கிழக்கிலிருந்து வருகிறோம். காற்று பாறையை நோக்கி அடிக்கிறது, நீரோட்டம் பாறையை நோக்கி ஓடுகிறது. அந்தப் பக்கம் பவளச் சுவரை ஒட்டியே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர், நங்கூரம் எட்டாது. பாயை இறக்கிவிட்டுச் சும்மா கிடந்தாலும் படகு நகர்ந்துகொண்டுதான் இருக்கும். மணிக்கு ஒரு மைல் நீரோட்டம், காற்றின் தள்ளலில் இன்னொரு அரை மைலுக்கு மேல். மாலை நாலு மணிக்குப் பாறைக்குப் பத்து மைல் வெளியே நின்றால் இரவு பத்தரைக்கு அலை உடையும் சத்தம் கேட்கும். ராத்திரி முழுக்க எஞ்சினைப் போட்டுக் காற்றுக்கு எதிரே முட்டிக்கொண்டு இருக்கலாம், களைத்த ஆட்களை வைத்துக்கொண்டு பாறையின் பக்கத்தில் செய்கிற வேலை அது இல்லை. படகில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரத் தம்பி ஒருவன் இருந்தான், அப்பாவும் சித்தப்பாவும் சுறாவுக்குத் தூண்டில் போட இந்தக் கடலெல்லாம் திரிந்தவர்கள். அவன் செயற்கைக்கோள் கருவியில் எனக்கு அனுப்பிய ஒரு வரிதான் நான் முதலாளிக்கு எழுத நினைத்த இரண்டு பக்கத்துக்கும் சமம்: "அண்ணே, இங்க நின்னாலும் நீரு கொண்டுபோவுது."

அதனால் வேகத்தைக் குறைப்பது வாசலில் செய்யும் வேலை இல்லை, பாதி வழியிலேயே தொடங்க வேண்டிய வேலை. ஸ்கிப்பர் அப்படித்தான் செய்தார். இரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்கு, 214 மைல் மிச்சம் இருக்கும்போது, பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயைப் பாதியாகச் சுருக்கினார். மிச்சம் 45 மணி நேரம், மணிக்கு 4.75 மைல். அதில் ஒரு மைலை நீரோட்டமே கொடுத்துவிடும் என்பதால் படகு தண்ணீரில் ஓட வேண்டியது நாலு மைலுக்கும் கீழே. நல்ல காற்றில் பாயைச் சுருக்கிக்கொண்டு நாலு மைல் போவது சுகமான வேலை இல்லை. பாய் நிறைந்து ஓடும்போது இருக்கும் நிதானம் போய்விடும், அலை ஒவ்வொன்றும் படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போடும், இரண்டு உடலுக்கும் நடுவே அடிப்பாகத்தில் தண்ணீர் குத்தும் சத்தம் தூங்கவிடாது. டிராக்கரில் இது எதுவும் தெரியாது. புள்ளி மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு, வேகமாக வந்திருந்தால் வந்து சேர்ந்திருக்க வேண்டிய அதே நேரத்தில், முதலாளியின் ஆள் மாலேயிலிருந்து என்னைக் கூப்பிட்டார். இங்கே ஏழு மணி, நான் கடையில் பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். "வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்றார். மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், கடைசியில் மரியாதையாகவே ஒன்று சொன்னார்: "நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மெதுவாகப் போனால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு நாள் சம்பளம். அதை நாங்கள் எப்படிப் பார்ப்பது?"

பரோட்டா ஆறிப்போனது. கோபம் வந்தது, பதில் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. ஒப்பந்தம் தினக்கூலி. ஒவ்வொரு கூடுதல் நாளும் எங்கள் கணக்கில் வரவு, அவர்கள் கணக்கில் செலவு. மெதுவாகப் போங்கள் என்ற அறிவுரையைக் கொடுக்கிறவனே அதனால் லாபம் அடைகிறவனாகவும் இருந்தால், அந்த அறிவுரை எவ்வளவு சரியாக இருந்தாலும் அதில் ஒரு வாடை இருக்கத்தான் செய்யும். சார்ட்டையும் நீரோட்டத்தையும் விளக்கி என்ன பயன்? விளக்குகிறவனும் நான்தான்.

இன்னொரு வகை ஒப்பந்தம்

தினக்கூலி வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை பேசிவிடலாம் என்று பல முதலாளிகள் கேட்பார்கள். செலவு முன்கூட்டியே தெரியும், யாரும் இழுத்தடிக்க மாட்டார்கள். பல டெலிவரிகள் அப்படித்தான் போகின்றன, மைலுக்கு இவ்வளவு என்று பேசுவதும் கிட்டத்தட்ட அதேதான். அதில் காத்திருக்கும் இரவின் செலவு ஸ்கிப்பரின் பையிலிருந்து போகும். ஆட்களுக்கு அவர் தினச்சம்பளம் கொடுத்தாக வேண்டும், அடுத்த படகு வேறெங்கோ காத்திருக்கும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஸ்கிப்பர், வேறொருவருக்காக மொத்தத் தொகைக்கு எடுத்த டெலிவரியைப் பற்றி ஒருமுறை சொன்னார். மாலத்தீவின் நடுப்பகுதி, ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டது, அன்றைக்குள் நுழைந்துவிட்டால் மறுநாள் விமானத்தைப் பிடிக்கலாம். நுழைந்தார். வாய்க்காலைத் தாண்டும்வரை சிக்கல் இல்லை, உள்ளே வந்தபிறகு ஒரு கிரி. மாலத்தீவுக்காரர்கள் மேல்மட்டம் வரை வளர்ந்து நிற்கும் தனித்தனிப் பவளத் திட்டைக் கிரி என்பார்கள், கொஞ்சம் ஆழத்திலேயே நின்றுவிடுவது திலா. இவர் பார்த்தபோது படகின் முனைக்கும் அதற்கும் நடுவில் ஒரு படகு நீளம்கூட இல்லை, எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டுத் தப்பினார். இதைச் சொல்லிவிட்டு அவர் சேர்த்துச் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "தினக்கூலியாக இருந்திருந்தால் வெளியிலேயே நின்றிருப்பேன்" என்றார், ஏதோ வானிலையைப் பற்றிப் பேசுவதுபோல.

பரோட்டாக் கடையில் எனக்கு நினைவு வந்தது அந்த வார்த்தைதான். இருபது வருடம் கடலில் இருந்தவர், பவளத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கரையில் யாரோ ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வரி, அவர் கை வைத்திருந்த சுக்கானைத் திருப்பிவிட்டது. நாங்கள் வழித்தடம் போடுகிறோம், வானிலை பார்க்கிறோம், செயற்கைக்கோள் படத்தை ஒட்டுகிறோம், எல்லாம் திட்டம் என்று நினைக்கிறோம். யாருக்கு எதற்குக் காசு என்று எழுதுவதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அதுவும் திட்டம்தான், சொல்லப்போனால் நாலு மணி வெளிச்சத்தில் முடிவெடுப்பது அதுதான்.

மறுநாள் காலை படகு பத்தே கால் மணிக்கு உலிகமுவில் நுழைந்தது. தூத்தூர்த் தம்பி அணியத்தில் நின்றான். நங்கூரம் போட்ட இடத்தில் கையிலிருந்த சார்ட்டின்படி படகு பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஸ்கிரீனைப் படமெடுத்து அனுப்பினான், கூடவே சுற்றிலும் நல்ல நீலமாக இருக்கும் தண்ணீரின் படமும். அதிகாரிகள் படகுக்கே வந்து காகிதம் முடித்தார்கள். அங்கிருந்து மாலேவுக்கு இன்னும் 170 சொச்சம் மைல், அதையும் இதே மாதிரி வெளிச்சக் கணக்கில்தான் போனார்கள், மாலேவை அடுத்த ஹுல்ஹுமாலேக்கு வெளியே நங்கூரம் போட்டுப் படகை ஒப்படைத்தார்கள். முதலாளி முழுப் பணத்தையும் கொடுத்தார். அந்த ஒரு நாளுக்கும் சேர்த்துத்தான். கேள்வியை அவர் திரும்ப எழுப்பவில்லை.

நான்தான் எழுப்பிக்கொண்டேன். இப்போது நாங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் பயணத்துக்கு மொத்தத் தொகை, அதற்கு வெளியே தனியாகக் காத்திருப்பு இரவுகள். பவள வாய்க்கால் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கு ஓர் இரவு வீதம் முன்பணமாக வாங்கிவைப்பது, பயன்படுத்தாத இரவின் பணம் முதலாளிக்கே திரும்பும். மெதுவாகப் போவதில் எங்களுக்குப் பெரிய லாபம் இல்லை, வேகமாகப் போவதில் ஸ்கிப்பருக்குப் பெரிய லாபம் இல்லை. எந்த வாய்க்காலுக்கு எந்த நேரத்துக்குள் நுழைய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது, தேதி கேட்கும் முதலாளிக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறேன். சிலர் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் அந்த வரிகளைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார், அந்த வேலை வேறு யாரிடமோ போனது. போகட்டும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது நல்ல படகு, நல்ல பணம், அந்த மாதம் எங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் இழுபறி. காத்திருப்பு இரவுக்கு நான் பாதிச் சம்பளம் என்று எழுதியிருந்தேன், படகு நகராத இரவுக்கு முழுச் சம்பளம் கேட்டால் எந்த முதலாளி ஒப்புக்கொள்வார் என்ற எண்ணத்தில். ஸ்கிப்பர் படித்துவிட்டு, பாறைக்கு முன்னால் பாயைச் சுருக்கிக்கொண்டு குலுங்கும் இரவைவிட எட்டு மைல் ஓடும் இரவு ஆயிரம் மடங்கு சுகம், ஆகவே முழுச் சம்பளம், முடிந்தால் ஒன்றரை என்கிறார். அவர் சொல்வதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. இந்த டிசம்பர் ஒப்பந்தத்தில் முழுதாக எழுதிவிட்டேன், முதலாளியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.